காசியில் மாலைப் படகுச் சவாரி: சின்னக் குழுவாகப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

காசியில் சூரியன் ஆற்றில் மறைவதில்லை. இது தெரியாமல் 'சன்செட் போட்டிங்' என்று பணம் கட்டி ஏறிவிட்டு, நடு ஆற்றில் உட்கார்ந்து சூரியன் எங்கே என்று தேடுகிறவர்கள் நிறைய. கங்கை அந்த ஊரில் தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில், படித்துறைகள் அத்தனையும் கிழக்கே பார்த்தபடி. அதனால் காலையில் வெயில் நேராகப் படிகள்மேல் விழும். மாலையிலோ சூரியன் கட்டடங்களுக்குப் பின்பக்கம் இறங்கும், அஸ்தமனத்துக்கு வெகு முன்னாலேயே படிகளில் நிழல் படர்ந்துவிடும். பளிச்சென்று போட்டோ வேண்டும் என்றால் காலைச் சவாரிக்குப் போங்கள், அதில் விவாதமே இல்லை. மாலையில் போவது ஊர் இருட்டி, விளக்கேறி, கங்கைக்கு எடுக்கும் ஆரத்தி தொடங்குவதைத் தண்ணீரிலிருந்து பார்க்கத்தான். அதற்கு எந்தத் துறையில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்ற கணக்குதான் முக்கியம். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் சாதாரணத் துடுப்புப் படகே போதும்.

முதலில் மாதம்

நவம்பர் முதல் மார்ச் நடு வரை நல்ல காலம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் இறங்கினால் எதிர்க்கரைகூடத் தெரியாது. சிலருக்கு அதுவே பிடிக்கும், ஆனால் குளிர் எலும்பில் ஏறும். நம் ஊர்க் குளிரை நினைத்து ஒரு மெல்லிய சால்வையோடு போனால் படகில் பல் தந்தியடிக்கும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே, ஜூனில் பகல் கொதிக்கும் என்றாலும் மாலையில் ஆற்றுக் காற்று இருக்கும், சமாளிக்கலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தச் சவாரியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் படியேறி வந்துவிடும். காசியில் எச்சரிக்கை மட்டம் 70.262 மீட்டர், அபாய மட்டம் 71.262 மீட்டர். அந்த மட்டத்தை எட்டுவதற்கு முன்பே படகு ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், படித்துறைகளுக்கு இடையே நடந்து போகும் வழியும் மூழ்கிவிடும், ஆரத்தியே பக்கத்துக் கட்டட மொட்டை மாடிக்கு ஏறிவிடும். 'தடை இருந்தால் என்ன, நான் கூட்டிப் போகிறேன்' என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் ஏறவே கூடாது.

கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ் தீபாவளி. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும். படித்துறை முழுக்க அகல் ஏற்றுவார்கள், பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அன்றைக்குப் படகு வாடகை வழக்கமான வாடகையோடு சம்பந்தமே இல்லாத ஒரு தொகையாக இருக்கும், ஆறும் படகு நெரிசலில் திணறும். அமைதியாகப் போய்வர விரும்பும் சின்னக் குழுவுக்கு அந்த நாள் ஆகாது.

நேரக் கணக்கு

இரண்டு நேரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: அன்றைய அஸ்தமனம், அன்றைய ஆரத்தி. டிசம்பரில் காசியில் மாலை 5.10 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நம் ஊரைவிட நல்ல வடக்கு, அதனால் குளிர்காலப் பகல் குட்டை. ஜூனில் 6.50 வரை போகும். தசாஸ்வமேத காட்டில் (படித்துறையை அங்கே 'காட்' என்பார்கள்) கங்கா ஆரத்தி குளிர்காலத்தில் 6, 6.30 வாக்கிலும் கோடையில் 7 மணி வாக்கிலும் தொடங்கும், முக்கால் மணி நேரம் போல நடக்கும். அன்றைய சரியான நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். குளிர்காலத்தில் அஸ்தமனத்துக்கும் ஆரத்திக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கிறது, கோடையில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால் குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே படகில் ஏறுங்கள், தெற்கே இருந்து மெதுவாக இறங்கி, மணிகர்ணிகா என்ற சுடலைத் துறை வரை போய்த் திரும்பி வந்து ஆரத்திக்கு நிற்கலாம். கோடையில் 5 மணிக்கு ஏறுங்கள். மணிகர்ணிகாவை ஆரத்திக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இல்லை விட்டுவிடலாம். எப்படிப் பார்த்தாலும் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். சின்னப் படகில் கழிப்பறை கிடையாது, வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படகு

ஆற்றில் ஓடுபவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஏசி அறையும் மேல்தளமும் வைத்த பெரிய க்ரூஸ் கப்பல்கள், அதில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வேண்டும், மைக்கில் விளக்கம் வரும். இரண்டடுக்கு மரப் படகான பஜ்ரா, மேலே நாற்காலி போட்டு உட்காரலாம், இருபது முப்பது பேர் சேர்ந்து வரும் சொந்தக்காரக் கூட்டத்துக்குச் சரி. அப்புறம் மோட்டார் படகு. முன்பெல்லாம் டீசல் புகையும் சத்தமுமாக இருந்தது, இப்போது நிறையப் படகுகளை சிஎன்ஜிக்கு மாற்றிவிட்டார்கள், வடக்கே நமோ காட்டில் ஆற்றிலேயே மிதக்கும் சிஎன்ஜி நிலையம்கூட இருக்கிறது. கடைசியாகக் கைத்துடுப்புப் படகு.

நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை என்றால் துடுப்புப் படகைத்தான் சொல்வேன். சத்தமில்லை, கரையை ஒட்டியே போகலாம், 'கொஞ்சம் நிறுத்துங்க' என்றால் அந்த நொடியே நிற்கும். படிகளில் குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள், கிரிக்கெட் பந்து ஆற்றில் விழுந்து அதற்காகக் குதிக்கும் பையன், இதெல்லாம் காதிலும் விழும். இதில் ஒரு குறை உண்டு: நீரோட்டத்தோடு வடக்கே போவது சுலபம், எதிர்த்துத் தெற்கே திரும்புவது படகுக்காரருக்குப் பெரும் பாடு. அதனால் திரும்பி அதே இடத்துக்கு வராத பயணமாகத் திட்டமிடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் போனாலோ, ஏறிய இடமான தெற்குக் கோடி அஸி காட்டுக்கே திரும்ப வர வேண்டுமென்றாலோ சிஎன்ஜி மோட்டார் படகு எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தோடு போகும்போது நடுநடுவே எஞ்சினை அணைத்துவிட்டு மிதக்க விடச் சொன்னால் செய்வார்கள்.

பேரம்

படகுக்காரர்கள் பெரும்பாலும் மல்லாஹ், நிஷாத் சமூகத்தினர். ராமனுக்குப் படகு விட்ட குகனைத் தங்கள் முன்னோன் என்பார்கள், நிஷாத்ராஜ் பெயரில் ஒரு படித்துறையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆற்றோடு வாழ்கிறவர்கள், மரியாதையாகப் பேசினால் நன்றாகப் பேசுவார்கள். இந்தியில் அண்ணன் என்ற பொருளில் 'பையா' போதும்.

விலையை இங்கே எழுதப் போவதில்லை, சீசனுக்குச் சீசன், துறைக்குத் துறை மாறும். அதைவிட எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சண்டை ஒரே இடத்தில் வருகிறது: சொன்ன தொகை ஆளுக்கா, மொத்தப் படகுக்கா? 'ஏக் ஆத்மி கா, யா பூரி நாவ் கா?' என்று கேட்டுவிடுங்கள். அடுத்து எத்தனை மணி நேரம், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறை வரை, ஆரத்தி முடியும் வரை நிற்பது சேர்த்தியா, வேறு யாரையும் நடுவில் ஏற்ற மாட்டார்தானே. இதையெல்லாம் ஏறுவதற்கு முன் பேசி, தொகையைப் போனில் தட்டிக் காட்டி உறுதிசெய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் நடப்பு விலை தெரிந்துவிடும். கரையில் கையைப் பிடித்து இழுக்கும் ஆள் பெரும்பாலும் தரகர், அவர் பங்கும் உங்கள் தலையில்தான் விழும்; படகருகே போய் ஓட்டுகிறவரிடமே பேசுவது நல்லது. கேதார் காட், அனுமான் காட் பக்கம் தமிழ் யாத்ரிகர்கள் காலம்காலமாக வருவதால் ஓரளவு தமிழ் பேசும் படகுக்காரர்களைப் பார்க்கலாம்.

லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டால் வேறு படகு. இதில் மட்டும் பேரம் கிடையாது.

இன்னொன்று. திதி, தர்ப்பணம், பஞ்சதீர்த்த ஸ்நானம் என்று சடங்குக்காக ஐந்து துறைகளுக்குப் படகில் போவது வேறு, அது காலையில் வாத்தியாரோடு செய்வது. 'அதையும் இதையும் சேர்த்து முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டுமே அரைகுறையாகப் போகும்.

எங்கே ஏறுவது

அஸி காட். தெற்குக் கோடி, நீரோட்டத்தின் மேல்பக்கம், ஆட்டோ பக்கத்திலேயே வரும். படகில் ஏறியதும் நேராக எதிர்க்கரைக்குப் போகச் சொல்லுங்கள். தண்ணீர் வற்றும் மாதங்களில் அங்கே பெரிய மணல்வெளி கிடக்கும், ஒட்டகமும் குதிரையும் சவாரிக்கு நிற்கும், டீயும் கிடைக்கும். அங்கிருந்து மேற்கே திரும்பிப் பார்த்தால்தான் கோபுரங்கள், மாளிகைகளின் வரிசைக்கு மேல் சூரியன் இறங்குவது முழுசாகத் தெரியும். சூரியனைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த மணல் ஒன்றுதான் இடம். குழுவில் யாருக்கும் அந்த ஆசை இல்லையென்றால் மேற்குக் கரையை ஒட்டியே நேராகப் போய்விடலாம்.

பாரதி இருந்த வீட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் படகில் ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அனுமான் காட் சந்துக்குள், அத்தை குப்பம்மாள் வீடு. தந்தை இறந்தபின் 1898இல் அங்கே வந்தவர், சில வருடம் தங்கிப் படித்தார், மீசையும் தலைப்பாகையும் வந்தது அங்கேதான் என்பார்கள். 2022 டிசம்பரில் அந்த வீட்டின் ஒரு பகுதியைத் தமிழக அரசு நினைவகமாக ஆக்கியது. ஆற்றிலிருந்து பார்த்தால் தெரியாது.

அஸியிலிருந்து தசாஸ்வமேதம் வரை

சுமார் இரண்டரை கிலோமீட்டர், துடுப்புப் படகில் நிதானமாக ஒரு மணி நேரம். சவாரியின் நல்ல பகுதி இதுதான், அவசரப்பட வேண்டாம்.

முதலில் துளசி காட், துளசிதாசர் வாழ்ந்து மறைந்த இடம். அடுத்து பதைனியில் ஆற்றிலிருந்து ஊருக்குக் குடிநீர் எடுக்கும் பழைய நீரேற்று நிலையம், வட்டமான கோபுரம்போல் தண்ணீரிலேயே நிற்கும், வழிகாட்டிகள் சொல்ல மாட்டார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஜான்சி ராணி லட்சுமிபாய் பிறந்ததும் இந்தப் பகுதியில்தான்.

சேத்சிங் காட்டில் கோட்டை மாதிரி ஒரு சுவர் எழும்பி நிற்கும். இங்கே படகை நிறுத்தச் சொல்லுங்கள். 1781இல் கும்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மேலும் மேலும் பணம் கேட்டு நெருக்கி, காசிராஜா சேத் சிங்கை அவர் மாளிகையிலேயே காவலில் வைத்தார். ராஜாவின் ஆட்கள் திரண்டு கும்பெனிச் சிப்பாய்களை வெட்டிச் சாய்க்க, அந்தக் குழப்பத்தில் ராஜா தலைப்பாகைத் துணிகளை முடிந்து கயிறாக்கி, ஆற்றுப்பக்க ஜன்னல் வழியாக இறங்கிப் படகில் தப்பிவிட்டார். ஹேஸ்டிங்ஸே ஊரைவிட்டு சுனார் கோட்டைக்கு ஓட வேண்டி வந்தது. சுவரின் உயரத்தைக் கீழே தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அந்தத் தைரியம் உறைக்கும். மேலே படியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிற்பாடு லண்டனில் ஹேஸ்டிங்ஸ்மேல் நடந்த விசாரணையில் இந்த விவகாரமும் ஒரு குற்றச்சாட்டு.

அனுமான் காட் தாண்டினால் ஹரிச்சந்திரா காட், இரண்டு சுடலைத் துறைகளில் சிறியது. அதை ஒட்டினாற்போல் வருகிறது கேதார் காட், சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த சுவர் தூரத்திலிருந்தே 'நம்ம ஊரு' என்று சொல்லிவிடும். கேதாரேஸ்வரர் கோயிலுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போன குமரகுருபரரிடமிருந்து வருகிறது. அங்கிருந்த ஆட்சியாளரோடு அவருடைய மொழியிலேயே பேச வேண்டும் என்று சரஸ்வதிமேல் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது கதை. மடம் அமைத்தார், அந்த மரபின் கிளைதான் திருப்பனந்தாள் காசி மடம். முத்துசுவாமி தீட்சிதரும் இளமையில் குருவோடு காசியில் வருடக்கணக்கில் இருந்தவர், அவருக்குக் கங்கையில் வீணை கிடைத்ததாகச் சொல்லும் இடமும் இந்தப் பக்கமே. கேதாரிலும் மாலையில் ஆரத்தி உண்டு, சின்ன அளவில். கூட்டம் என்றாலே அலர்ஜி உள்ளவர்கள் இங்கேயே அதைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம், ஒன்றும் இழந்துவிட மாட்டீர்கள்.

நாரத காட்டில் தம்பதியாகக் குளித்தால் வீட்டில் சண்டை வரும் என்று படகுக்காரர் கட்டாயம் சொல்வார். சிரித்துவிட்டுப் போங்கள். தர்பங்கா மாளிகை இப்போது ஹோட்டல், பக்கத்தில் முன்ஷி காட், அடுத்து அகல்யாபாய் காட்: இன்றைய விஸ்வநாதர் கோயிலை 1780இல் கட்டிய இந்தூர் ராணியின் பெயர்.

மணிகர்ணிகா

தசாஸ்வமேதத்தைத் தாண்டினால் மான்மந்திர் காட்டில் ராஜஸ்தானத்து ராஜா மான்சிங்கின் மாளிகை, அதன் மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் வம்சத்து ஜெய்சிங் அமைத்த வான் ஆய்வுக் கருவிகள். லலிதா காட்டில் மரச் சிற்பம் நிறைந்த நேபாளிக் கோயில். அதற்கப்புறம் 2021 டிசம்பரில் திறந்த விஸ்வநாதர் வளாகத்தின் கங்கை வாசல், அகலமாக, புதிதாக. பழைய சந்துகளைப் பார்த்தவர்களுக்கு அது கண்ணை உறுத்தும், முழங்கால் வலியோடு வரும் பாட்டிகளுக்கு வரப்பிரசாதம், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

மணிகர்ணிகாவுக்குப் போவதா என்று குழுவில் முன்னாலேயே பேசிவிடுங்கள். இரவும் பகலும் சிதை எரியும் இடம், பத்துப் பதினைந்து தீ ஒரே நேரத்தில் தெரியும், புகை படகுக்கு வரும். சிலருக்கு மனசு தாங்காது, சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்தவர்கள் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். போனால் தள்ளி நின்று பாருங்கள், போன், கேமரா பையில் இருக்கட்டும். எரிவது ஒருவரின் அப்பா, ஒருவரின் மகள். 'விறகு தானம்', 'அனாதை முதியோருக்கு உதவி' என்று பணம் கேட்டு வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

கொஞ்சம் தள்ளி, சிந்தியா காட் பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வரர் கோயிலோடு படகைத் திருப்பிவிடலாம். அதற்கும் வடக்கே பஞ்சகங்கா காட்டும் அதன்மேல் ஔரங்கசீப் கால மசூதியும், தொலைவில் 1887இல் திறந்த மாளவியா பாலமும் தெரியும். அவ்வளவு தூரம் துடுப்புப் படகில் போனால் ஆரத்தியைத் தவறவிடுவீர்கள்.

ஆரத்தி

பூசாரிகள் ஆற்றைப் பார்த்தபடி நின்று செய்கிறார்கள். அதனால் படியில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு, படகில் இருப்பவர்களுக்கு முகம். ஆனால் முன்வரிசைப் படகாக இருந்தால்தான் இந்த லாபம். ஆரத்திக்கு அரை மணி, முக்கால் மணி முன்பே வந்து கட்டிவிட வேண்டும். அப்புறம் வருகிற பெரிய பஜ்ராக்கள் உங்களுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டே போகும், படகோடு படகு உரசி, ஒரு கட்டத்தில் தண்ணீரே தெரியாது. டீக்காரரும் விளக்கு விற்கும் சிறுமியும் படகிலிருந்து படகுக்குத் தாவி வருவார்கள். நீங்கள் தாவ வேண்டாம். விரல்களைப் படகின் விளிம்பில் வைக்காதீர்கள், இன்னொரு படகு வந்து மோதும்போது நசுங்கும், குழந்தைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

விளக்கு விடுவதானால் இலைத் தொன்னையில் பூவும் திரியும் வைத்ததை வாங்குங்கள், தெர்மாகோல் தட்டில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் வந்து இறங்கும் வெள்ளைப் பறவைகளுக்குப் போட காராசேவு பொட்டலம் விற்பார்கள், எண்ணெயில் பொரித்தது, அதையும் தவிர்க்கலாம்.

ஏழு பேர் ஒரே தாளத்தில் அடுக்குத் தீபம் சுழற்றுவதும், சங்கும் மணியும், ஒலிபெருக்கியில் பாட்டும், எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும். இது பழங்காலத்துச் சடங்கின் மாறாத வடிவம் என்று நினைக்க வேண்டாம், மேடையும் விளக்கும் ஒத்திகையுமாக நம் காலத்தில் வளர்ந்த காட்சி. அதனால் குறைவென்று சொல்லவில்லை.

இறங்குவது

ஆரத்தி முடிந்த மறுநொடி எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே நகரச் சொன்னால் படகு வெளியே வர முடியாது, முன்வரிசையில் மாட்டியிருப்பீர்கள். அதனால் முடிந்தபின் கால் மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள், நெரிசல் தானாகக் கலையும். அப்புறம் தசாஸ்வமேதத்திலேயே இறங்காமல் தெற்கே சில துறை தள்ளி, சௌசட்டி காட்டிலோ பாண்டே காட்டிலோ இறக்கிவிடச் சொல்லுங்கள், படியேறிச் சந்து வழியாகப் பெரிய தெருவுக்கு வந்துவிடலாம். படிகள் வழுக்கும், சில இடத்தில் விளக்கு மங்கல், போன் டார்ச் வேண்டும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும். தசாஸ்வமேதத்துக்குப் பக்கத்து நாற்சந்தியான கோதோலியாவைச் சுற்றி மாலையில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆட்டோவுக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் அந்தப் பக்கம்தான். அங்கே தங்குகிறவர்களுக்கு நடை தூரமே. ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் சத்திரத்தில் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.